களைப்போடு வீட்டு வேலை பார்ப்பது எப்படி: உடம்பின் தெம்பைச் சிக்கனமாகச் செலவழிக்க ஒரு முழு வழிகாட்டி

அடுக்களையில் முதன்முதலாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் வெங்காயம் நறுக்கிய அன்று, என் மாமியார் நிலைப்படியில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். "ஏம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார். "முடியாமப் போயிடக் கூடாதுன்னுதான் அத்தை உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அவருக்கு அது விளங்க ஆறு மாதம் ஆனது. எனக்கே விளங்க அதற்கு முன்னால் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு முடக்கு வாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். விரல் வீங்கினால் நாலு பேர் கண்ணுக்குத் தெரியும், "ஐயோ பாவம்" என்பார்கள். களைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பல் தேய்த்து முடிப்பதற்குள் மறுபடி படுக்கலாம் போல இருக்கும். சோம்பேறி என்று யாரும் நேரில் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்டது.

முடக்கு வாதம் என்றில்லை. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை, இதய பலவீனம், கொரோனாவுக்குப் பிறகு விடாத அசதி என்று பல பேர் இதே களைப்போடுதான் குடும்பம் நடத்துகிறார்கள். நோய் வேறாக இருந்தாலும் அடுக்களையும் மாடிப்படியும் எல்லோருக்கும் ஒன்றுதான். நான் கீழே எழுதியிருப்பதில் பாதி எனக்கு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயோடு அன்றாட வேலைகளைச் செய்யும் வழிகளைச் சொல்லித் தருபவர், சொல்லிக் கொடுத்தது. மீதி, பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் படி: களைப்புக்குக் காரணம் என்ன என்று பாருங்கள்

ஸ்டூல் வாங்குவதற்கு முன்னால் ரத்தம் பரிசோதித்துப் பாருங்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. அதாவது பாதிக்கு மேல். மருந்தில் தீரக்கூடிய களைப்பை வைத்துக்கொண்டு, இருக்கும் தெம்பைச் சிக்கனம் பிடித்துக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை.

ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ராத்திரி பெரிதாகக் குறட்டை விட்டு மூச்சு முட்டி எழுபவர்களுக்கும், மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும், சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் பகல் முழுக்க அசதி இருக்கும். அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதை விழுங்கிய கையோடு டீ, காபி குடிக்காதீர்கள். டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், மயக்கம், காரணமில்லாமல் எடை குறைவது, விட்டு விட்டு வரும் காய்ச்சல் ஆகியவை களைப்போடு சேர்ந்து வந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

பால் கணக்கு எழுதுவது போலத்தான். ஒரு பழைய நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: மணி, என்ன வேலை, அதற்கு முன்னால் தெம்பு பத்துக்கு எத்தனை, முடித்த பின் எத்தனை. கூடவே முந்தின ராத்திரி தூக்கம் எப்படி என்று ஒரு வரி. ஏழு நாள் போதும்.

காலை 11 மணிக்கு நான் சாய்ந்துவிடுவதற்குச் சமையல்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டு வேறு சொன்னது. சமையலுக்கு முன்னால் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போன நாட்களில் மட்டும்தான் 11 மணிக்கு விழுந்திருக்கிறேன். இன்னொன்றும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை செய்த வேலைக்குத் திங்கட்கிழமைதான் பில் வருகிறது. அன்றன்றைக்கு மட்டும் யோசித்தால் இது பிடிபடாது.

வேலைக்கு வேலை எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிப்பதை ஒன்று என்று வைத்துக்கொண்டால், லேசான சமையலும் நின்றபடி குளித்துத் துவட்டுவதும் ஏறக்குறைய இரண்டு. வீடு பெருக்குவது மூன்றுக்கு மேல். மெதுவாக மாடி ஏறுவது நாலு. மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் ஏழரை. இவை திடமான ஆட்களை வைத்துப் போட்ட சராசரி. மளிகையோடு மாடி ஏறியதற்கு அப்புறம் எனக்கு ஏன் பேச்சு வரவில்லை என்பது இதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மூன்றாம் படி: தொட்டியைக் காலி செய்யாதீர்கள்

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். தண்ணீர் வந்த அன்று, "ஆகா, தொட்டி நிரம்பிவிட்டது" என்று போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் அலசி, வாசல் கழுவி, தொட்டியைக் காலி செய்கிறவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. நாளைக்கு வராது என்று தெரியும். உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தான் செய்கிறோம். ஒரு நல்ல நாள் வந்ததும், விட்டுப்போன ஒரு வாரத்து வேலையை அன்றைக்கே முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடக்கிறோம்.

நல்ல நாளில், முடியும் என்று தோன்றுவதில் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். இந்த வழிகாட்டியில் கடினமான படி இதுதான். முடியாத நாளில் நிறுத்த உடம்பே சொல்லிவிடும். முடிகிற நாளில் நிறுத்த மனசு கேட்காது.

இதற்கு எனக்கு உதவியது போனில் வைக்கும் டைமர்தான். 15 நிமிடம் வேலை, 5 நிமிடம் உட்காருவது. களைப்பு வந்த பிறகு உட்கார்ந்தால் தெளிய அரை மணி நேரம் ஆகிறது. வருவதற்கு முன்னால் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம். "இதோ, இந்த ரெண்டு பாத்திரம்தானே" என்று தோன்றும் பாருங்கள், அந்த இரண்டு பாத்திரம்தான் வில்லன்.

நான்காம் படி: வேலைகளை நாலாகப் பிரியுங்கள்

நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகக் கேளுங்கள். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு யார் செய்யலாம்? இன்றைக்கேதான் வேண்டுமா? நான்தான் செய்ய வேண்டுமா?

செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாத வேலைகள் ஆச்சரியமாக நிறைய இருக்கும். பனியனுக்கும் துண்டுக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதே சமயம், பிடித்த வேலைகளையும் நறுக்கி எறிந்துவிடாதீர்கள். எனக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது என் வேலை. பாத்திரம் துலக்குவதை விட்டுக்கொடுத்து அந்தத் தெம்பைச் செடிக்கு வைத்துக்கொண்டேன்.

கனமான வேலைகளை வாரம் முழுக்கப் பரப்புங்கள். மருந்தோடும் பொருத்திப் பாருங்கள். முடக்கு வாதத்துக்கு நிறைய பேருக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பார்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தவறிப்போய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, கிழமையைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அதைப் போட்ட மறுநாள் எனக்கு வயிறு புரட்டும், அசதியும் அதிகம். அதனால் சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொள்கிறேன். ஞாயிறு முழுக்க என்னிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. கிழமையை மாற்றுவதானால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: அடுக்களை

நின்றுகொண்டு சமைப்பது நம் வீடுகளுக்கு மேடை வந்த பிறகு வந்த பழக்கம். என் ஆச்சி அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கினாள், உட்கார்ந்து அரைத்தாள், உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவள் சோம்பேறி இல்லை. மூட்டு நோய் உள்ளவர்கள் தரையில் உட்கார்ந்து எழ முடியாது என்பதால் நமக்கு ஸ்டூல். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டூல் வாங்கும்போது உயரம் பாருங்கள். உட்கார்ந்தால் முழங்கை மேடைக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டே நறுக்குவீர்கள், அதற்கு நிற்பதே மேல். காலை ஊன்ற ஒரு கட்டை வேண்டும். சாய்மானம் இருந்தால் நல்லது. சக்கரம் வைத்தது வேண்டாம், வழுக்கும். நறுக்குவது, உரிப்பது, மாவு பிசைவது எல்லாம் சாப்பாட்டு மேசையிலும் செய்யலாம். அடுப்பு எரியும்போது மட்டும், கொதிப்பது மடியில் தெறிக்காத தூரத்தில் இருங்கள்.

அடுத்து, சாமான்களை இடம் மாற்றுங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் அலமாரித் தட்டுதான் வீட்டிலேயே விலை உயர்ந்த இடம். தினமும் எடுக்கும் உப்பு, புளி, பருப்பு, எண்ணெய், குக்கர் எல்லாம் அங்கே. தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு அச்சு பரண் மேலே. எங்கள் வீட்டில் இது தலைகீழாக இருந்தது. அழகான பீங்கான் தட்டுகள் கண்ணுக்கு நேரே, அரிசி டப்பா குனிந்து இழுக்கும் மூலையில். அரிசியை இரண்டு கிலோ டப்பாவாகப் பிரித்து மேலே கொண்டு வந்தேன்.

தூக்குவதைக் குறைத்து நகர்த்தப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய குக்கரைக் குழாயடியிலிருந்து அடுப்புக்குத் தூக்காதீர்கள். வெறும் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுங்கள். சோறு வடிக்கும் வீடுகளில் பானையைக் கவிழ்க்கும் அந்த ஒரு கணம்தான் மணிக்கட்டுக்கு எமன், சூடு வேறு. குக்கரில் அளந்து வைத்துவிடுங்கள். வடித்த சோறுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் இருந்தால் வடிக்கும் வேலையை அவருக்கே கொடுத்துவிடுங்கள். பாத்திரத்தை விரலால் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துங்கள். பாட்டில் மூடி திறக்க ஒரு ரப்பர் துண்டு போதும்.

மாவு ஆட்டுவது தனி அத்தியாயம். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, மாவை வழிப்பது, கழுவுவது என்று ஆட்டுவதை விட அதைச் சுற்றியுள்ள வேலைதான் ஆளைக் கொல்லும். மாவை வழித்ததும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓட விட்டால் பாதி கழுவல் முடிந்தது. மாவை ஒரே அண்டாவில் வழிக்காமல் இரண்டு சின்னத் தூக்கில் பிரித்து வையுங்கள். முடியாத வாரம் கடையில் மாவு வாங்குங்கள். நான் மாதத்தில் இரண்டு முறை வாங்குகிறேன், இட்லி கொஞ்சம் புளிப்புதான், யாரும் சண்டைக்கு வரவில்லை.

குழம்பு செய்யும் அன்று இரண்டு வேளைக்குச் செய்யுங்கள். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி ஆகிய மூன்றும் வீட்டில் இருந்தால், எவ்வளவு மோசமான நாளிலும் ஒரு சோறு வைத்தால் சாப்பாடு தயார்.

ஆறாம் படி: குளியல், துணி, தண்ணீர்

குளிப்பது ஓய்வு என்று நினைக்கிறோம், அது வேலை. வெந்நீர் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், நின்றுகொண்டே குளித்தால் தலை சுற்றும். ஒரு உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். வாளியையும் இன்னொரு ஸ்டூல் மேல் வைத்தால் குனிந்து மொள்ள வேண்டாம். வழுக்காத கால்மிதி அவசியம். குளித்ததும் துவட்டிக்கொண்டு நிற்காமல் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள், பாதி ஈரம் தானாகப் போய்விடும். தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு பெரிய வேலை வேண்டாம்.

தண்ணீரின் கனம் நமக்கு மறந்துபோகிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோவுக்கு மேல். கேனைக் கவிழ்க்காமல் மேலே பொருத்தி அழுத்தும் சின்ன பம்ப் கடைகளில் கிடைக்கிறது. கேன் போடும் தம்பியிடமே "உள்ளே வைத்துவிட்டுப் போப்பா" என்று சொன்னால் வைத்துவிடுவார். வாளியை எப்போதும் பாதி நிரப்புங்கள்.

துணியைக் கையால் முறுக்கிப் பிழிய வேண்டாம். குழாய் மேல் போட்டு அழுத்தி வடிய விடுங்கள். மொட்டைமாடிக் கொடியை நான் அடியோடு விட்டுவிட்டேன். பால்கனியில் மடக்குக் கம்பி ஸ்டாண்டு, தினமும் கொஞ்சமாகத் துணி. போர்வையும் ஜமுக்காளமும் என் வேலை இல்லை என்று வீட்டில் எழுதாத சட்டம்.

பெருக்கத் தென்னந்துடைப்பத்துக்குப் பதில் நீளக் கைப்பிடி வைத்தது. ஒரு நாளைக்கு ஒரு அறை.

ஏழாம் படி: ஓய்வு என்றால் ஓய்வு

போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது ஓய்வில் சேராது. கண்ணும் மூளையும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. மத்தியானம் 20, 30 நிமிடம் கண்ணை மூடிப் படுங்கள். மூன்று மணி தாண்டி நீளமாகத் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும்.

அதற்காக முழு நாளும் படுத்தே இருக்கவும் கூடாது. முடக்கு வாதத்தில் மெல்லிய நடையும் பயிற்சியும் களைப்பைக் குறைக்கவே செய்யும். படுத்தே இருந்தால் தசை இளைத்து இன்னும் களைக்கும். ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. கொஞ்சம் அதிகம் வேலை செய்தால் ஒன்றிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் போல அடித்துப் போடும் வகைக் களைப்பும் உண்டு. அவர்கள் "கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், சரியாகிவிடும்" என்ற அறிவுரையைக் கேட்டால் மோசமாகிவிடும். 2021இல், மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நாள்பட்ட களைப்பு நோய்க்கு அந்த வகைப் படிப்படியான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தன் பழைய வழிகாட்டுதலையே மாற்றியது. உங்களுடையது எந்த வகை என்று உங்கள் நோட்டு காட்டும். அதை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

எட்டாம் படி: வெளியே போகும்போது

காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ போடுங்கள், ஒன்றைச் சமமாக இரண்டாகப் பிரியுங்கள். கூட்டமில்லாத நேரத்துப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும், அதற்காக அரை மணி நேரம் தள்ளிக் கிளம்பினாலும் லாபம்தான். மாடி ஏறும்போது ஐந்து படிக்கு ஒருமுறை நில்லுங்கள், மூச்சு வாங்கும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் மாடிக்குப் போக வேண்டிய சாமான்களுக்கு அடிப்படியில் ஒரு கூடை வையுங்கள். மேலே போகிற ஆள் யாரோ அவர் எடுத்துப் போகட்டும். தமிழ்நாட்டில் இருந்து, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூட இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. ஒரு வரிசையில் நிற்பது மிச்சம்.

ஒன்பதாம் படி: வீட்டாரிடம் சொல்வது

"எனக்கு யாருமே உதவி செய்வதில்லை" என்று நான் கத்திய நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. "செவ்வாய், வெள்ளி ராத்திரி பாத்திரம் உங்களது" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகுதான் நடந்தது. கிழமையும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் செய்யும் விதத்தைத் திருத்தாதீர்கள். குக்கர் அடியில் கொஞ்சம் பிசுக்கு இருக்கும். இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு எண்ணில் சொல்வது எளிது. காலையில் என் பெண் கேட்பாள், "அம்மா, இன்னைக்கு எத்தனை?" நாலு என்றால் அவளே டிபன் பாக்ஸ் கட்டிக்கொள்வாள். ஏழு என்றால் ஜடை பின்னிவிடச் சொல்லி வந்து நிற்பாள்.

பத்தாம் படி: பண்டிகையும் விருந்தாளியும்

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்வதை மார்கழி முதல் வாரத்திலேயே தொடங்கி, நாளைக்கு ஒரு அலமாரி என்று போங்கள். விருந்தாளி வந்தால் ஒரு கூட்டு, ஒரு குழம்பு, அப்பளம். வடையும் பாயசமும் கடையில். பண்டிகைக்கு முந்தின நாளும் மறுநாளும் காலண்டரில் காலியாக இருக்கட்டும்.

கோலம் மட்டும் எனக்கு விட மனசு வரவில்லை. குனிந்து புள்ளி வைத்தால் இடுப்பு போய்விடும். போன மார்கழியில் குட்டை மணை ஒன்றை வாசலுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்கக் கதவைப் பிடிக்க வேண்டியதாயிற்று. இப்போது வார நாட்களில் வாசலில் நாலு புள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அத்தை நின்றுகொண்டு கணக்குச் சொல்ல, பெண் புள்ளி வைக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து எந்தப் புள்ளியிலிருந்து எங்கே இழுக்க வேண்டும் என்று கை காட்டுகிறேன். போன வாரம் அத்தையே உள்ளே போய் இன்னொரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்தார், தனக்கு.